ஒளியியல் ஆய்வகத்தில் கண்ணை நம்பிச் செய்யும் தவறுகள்

ஒளியை வைத்து வேலை செய்யும் இடம்தானே, எது தப்பாகப் போனாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் ஒளியியல், ஃபோட்டானிக்ஸ் ஆய்வகத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே நடக்கும் பெரும்பாலான தவறுகளின் வேர் அந்த எண்ணம்தான். கண்ணைக் கெடுக்கும் கற்றை பல நேரம் கண்ணுக்கே தெரியாது. அளவீட்டைக் கெடுக்கும் தூசும் அதிர்வும் அப்படித்தான்.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி. கதவோரம் தொங்கும் கண்ணாடிகளில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு மேசைக்குப் போவது மிக ஆபத்தான பழக்கம். ஒவ்வொரு கண்ணாடியிலும் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஓடி (OD, ஒளியைத் தடுக்கும் அளவு) மதிப்பு என்று அச்சிட்டிருக்கும். ஓடி 6 என்றால் அந்த அலைநீள ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வேறு அலைநீளத்துக்கு அந்த எண் பொருந்தாது. 532 நானோமீட்டர் பச்சை லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரின் அதிர்வெண்ணை இரட்டித்துப் பெறப்படுவது. மாறாமல் மிஞ்சும் 1064 அதே கற்றையோடு வரலாம். பச்சைக்கு மட்டுமான கண்ணாடி போட்டவுடன் பச்சைப் புள்ளி மறைந்துவிடும், மனசுக்கு நிம்மதியாக இருக்கும். அகச்சிவப்பு மட்டும் தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? சுமார் 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியை நம் கண் விழித்திரையில் குவிக்கிறது. அங்கே செறிவு சுமார் ஒரு லட்சம் மடங்கு கூடிவிடும். 700-ஐத் தாண்டினால் பார்வை அநேகமாக இல்லை, ஆனால் குவிப்பது நிற்பதில்லை. விழித்திரைக்கு வலியும் தெரியாது. சட்டென்று கண் சிமிட்டிவிடுவோம் என்ற நம்பிக்கையும் உதவாது: சிமிட்டக் கால் நொடி ஆகும், துடிப்பு லேசரின் ஒரு துடிப்போ சில நானோநொடியில் முடிந்துவிடும். டைட்டானியம் சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் கற்றை காகிதத்தில் மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும். “இவ்வளவு மங்கலாக இருக்கிறதே, என்ன செய்துவிடப் போகிறது” என்று தோன்றும். அந்தப் புள்ளி ஒரு வாட்டாக இருக்கலாம்.

விபத்து அதிகம் நடப்பது அலைன்மென்ட் நேரத்தில், அதாவது கற்றையைச் சரியான பாதைக்குக் கொண்டுவரும்போது. கண்ணாடி போட்டால் புள்ளி தெரியவில்லை என்று கழற்றிவிடுவார்கள். கழற்ற வேண்டாம். திறனை முடிந்த அளவு குறைத்துக்கொண்டு, அகச்சிவப்பைக் காட்டும் அட்டையையோ கேமராவையோ வைத்துப் பாருங்கள். சிதறிப் போகும் பிரதிபலிப்புகளையும் தேடிப் பிடியுங்கள். பூச்சில்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு வாட் லேசர் என்றால், மறந்துபோன ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து மட்டும் 40 மில்லிவாட். அதுவே 3பி வகை, அதாவது நேராகப் பட்டால் கண்ணுக்கு ஆபத்தான வகை லேசருக்குச் சமம். கண்ணில் நேராக விழுந்தால் நிரந்தரச் சேதம்தான். ஆகவே ஒவ்வொரு பரப்பிலிருந்தும் எது எங்கே போகிறது என்று தேடி, போகிற இடத்தில் ஒரு கறுப்புத் தடுப்பை நிறுத்துங்கள். வாட்ச், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கீழே விழுந்த திருகை எடுக்கக் குனியும்போது தலை கற்றையின் உயரத்தைக் கடந்துதான் போகும், அதனால் முதலில் கற்றையைத் தடுத்துவிட்டு அப்புறம் குனியுங்கள்.

மிரர், லென்ஸ் விஷயத்தில் பொதுவான தவறு, தூசு தெரிந்தவுடன் துடைப்பது. காய்ந்த டிஷ்யூவால் துடைத்தால் அந்தத் தூசே பூச்சின்மேல் கோடு இழுத்துவிடும். முதலில் சுத்தமான உலர்ந்த காற்றை ஊதிப் பாருங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வேண்டாம். அதற்கும் போகவில்லை என்றால்தான் லென்ஸ் டிஷ்யூவில் ஒரு சொட்டு மெத்தனால் விட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் ஒருமுறை இழுக்க வேண்டும். அடுத்த இழுப்புக்குப் புது டிஷ்யூ. ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுப் பரப்பான கிரேட்டிங்கையும் பாதுகாப்புப் பூச்சில்லாத தங்க மிரரையும் தொடவே கூடாது. கொஞ்சம் தூசு இருந்தும் வேலை சரியாக நடந்தால், அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கருத்து.

லென்ஸைத் திருப்பி மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒருபுறம் தட்டையான குவிலென்ஸில், இணைக்கற்றை வரும் பக்கம் வளைந்த பரப்பு இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் கோளப் பிறழ்ச்சி (கதிர்கள் ஒரே புள்ளியில் குவியாத குறை) சுமார் நான்கு மடங்காகும். புள்ளி ஏன் சிறிதாகவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழையான ஃபைபரில் கனெக்டரின் முனையைப் பார்க்காமலே செருகிவிடுகிறார்கள். தொலைத்தொடர்பு அலைநீளங்களுக்கான ஒற்றை மோடு ஃபைபரில் ஒளி ஓடும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஒரே ஒரு தூசு போதும், சிக்னல் விழுந்துவிடும்; திறன் அதிகமென்றால் முனையே கருகும். ஒவ்வொரு முறையும் ஃபைபர் நுண்ணோக்கியில் முனையைப் பார்த்து, சுத்தம் செய்து, பிறகு செருகுங்கள். கனெக்டர்களில் ஏபிசி வகை முனை 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும், அதைச் சாய்வில்லாத சாதாரண பிசி முனையோடு இணைத்தால் இடையில் காற்றிடைவெளி விழும். இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்பதும் சின்ன விஷயமில்லை. நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன என்று 2011 செப்டம்பரில் ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு அறிவித்தபோது உலகமே பரபரத்தது. அடுத்த ஆண்டு தெரியவந்த முக்கியக் காரணம், கடிகாரத்துக்கு நேரக்குறிப்பைக் கொண்டுபோன ஃபைபர் இணைப்பு சரியாகத் திருகப்படவில்லை என்பதுதான்.

ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்து, அப்போது தோன்றும் ஒளி, இருள் பட்டைகளை வைத்து அளக்கும் குறுக்கீட்டுமானி வைத்திருப்பவர்கள், அதிர்வு எட்டாமல் மேசை காற்றில் மிதக்கிறது என்ற தைரியத்தில் வெப்பநிலையை மறந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடானால் சுமார் 12 மைக்ரான் நீளும். 632.8 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசரில் மிரர் அரை அலைநீளம், அதாவது 0.316 மைக்ரான் நகர்ந்தாலே ஒரு பட்டை கடந்துவிடும். கற்றை இரண்டு கைகளாகப் பிரிந்து போகும் மைக்கெல்சன் அமைப்பில் ஒரு மீட்டர் நீளக் கை ஒன்று மட்டும் ஒரு டிகிரி சூடானால் சுமார் 38 பட்டைகள் ஓடிவிடும்! அதிர்வும் அதேபோலத்தான். 1881-இல் இந்த அமைப்பை உருவாக்கிய இயற்பியலாளர் மைக்கெல்சன் பெர்லினில் அதிர்வு தாங்காமல் தன் கருவியை போட்ஸ்டாமுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் 100 மீட்டர் தள்ளி நடைபாதையில் காலை உதைத்தால் பட்டைகள் மறைந்தன என்று எழுதியிருக்கிறார். ஏசி காற்று நேராகப் படாமல் மூடி போடுங்கள், லேசரை அரைமணி நேரமாவது சூடாக விடுங்கள்.

அளவீட்டுக்கு வருவோம். பவர் மீட்டரில் அலைநீளத்தை மாற்ற மறந்தால், சிலிக்கான் உணரி தவறான எண்ணைத் துல்லியமாகக் காட்டும். ஒளியை மின்சிக்னலாக்கும் ஃபோட்டோடையோடு செறிவுநிலையை, அதாவது ஒளி கூடினாலும் சிக்னல் அதற்கேற்பக் கூடாத நிலையை, எட்டிவிட்டதா என்று சந்தேகமா? பாதி ஒளியை மட்டும் விடும் ஒரு ஃபில்டரைக் குறுக்கே வையுங்கள். சிக்னல் பாதியாகவில்லை என்றால் அதுவரை எடுத்த தரவை நம்ப வேண்டாம்.

ஒரே கருவியை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியே போதும். முதன்மை ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தப்பி இருந்தது. அதனால் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. வேறு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. அவை அவ்வளவு துல்லியமானவை இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்ய 1993 டிசம்பர் ஆனது.

குறிப்பேடு எழுதாமல் விடுவதும் தவறுதான். அலைன்மென்ட் முடிந்த அன்றே ஒவ்வொரு மிரருக்குப் பிறகும் எத்தனை மில்லிவாட், எந்த மீட்டர், எந்த அலைநீள அமைப்பு என்று எழுதிவையுங்கள். அடுத்த வாரம் சிக்னல் பாதியாக விழும்போது, அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தால் எந்த மிரரில் இழப்பு தொடங்குகிறது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.