வெயிலில் சூடேறும் பழைய மாருதி 800: கோளாறு எங்கே?

முதலில், எப்போது சூடாகிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ரேடியேட்டர் ஃபேன்தான். ஃபேன் ஸ்விட்சின் (தண்ணீர் சூடானதும் ஃபேனைத் தானே ஓடவிடுவது) சாக்கெட்டைக் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரு வயர் துண்டால் இணையுங்கள் (இக்னிஷன் ஆனில்). ஃபேன் சுற்றினால் ஸ்விட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் ஏறுகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பு. போர்வெல் தண்ணீரையே ஊற்றி வந்த வண்டியில் உப்பு படிந்து குழாய்கள் தூர்ந்திருக்கும். இன்ஜின் சூடானதும், ஃபேனை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் சில்லென்ற திட்டு இருந்தால் அங்கே ஓட்டமில்லை. வாட்டர் பம்பைச் சுற்றும் பெல்ட்டையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கினால் தளர்வு.

முள் ஏறியும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) சிக்கியிருக்கலாம். கழற்றி வெந்நீரில் போடுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் திறந்தாக வேண்டும். பல பட்டறைகளில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு அனுப்புவார்கள். அது வைத்தியமல்ல; இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மலிவான பாகம், முதலில் மாற்றுங்கள். சூட்டில் மட்டும் திறக்காதீர்கள்.

ஆறிய இன்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்ததுமே விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள சீல்) போயிருக்கும். ஹெட் அலுமினியம், வளைந்திருக்கலாம். லேத் பட்டறையில் மட்டம் பார்க்காமல் புது கேஸ்கட் போட்டால் மறுபடி ஊதும்.