குமரி இணைப்புப் போராட்ட நினைவுகளைக் குரலில் பதிந்து வைப்பது எப்படி?

திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்தது குமரி இணைப்புப் போராட்டம். அதில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது பத்து வயதாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். கேட்க நினைப்பவர்கள் இந்த மாதமே கேளுங்கள்.

முதல் நாள் பேசிவிட்டு மட்டும் வாருங்கள். பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், எந்தப் பகுதியை அவர் வேண்டாமென்றாலும் நீக்குவோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சம்மதத்தை எழுத்திலும், பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலும் வாங்குங்கள். காட்டிக்கொடுத்தவர் என்று அவர் யாரையாவது சொன்னால், அந்தக் குடும்பம் அடுத்த தெருவில் இருக்கும். அந்தப் பகுதியை வெளியிடாமல் பூட்டி வையுங்கள்.

போனே போதும். ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். மோனோவில் மணிக்குச் சுமார் 350 எம்பி ஆகும். சட்டை மைக் தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை நாளில் போகாதீர்கள், ஒரு சொல்லும் தேறாது. ஒரு நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேட்ட பிறகே தொடங்குங்கள். காது நன்றாகக் கேட்கும் பக்கம் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

“போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்க” என்றால் மேடையில் கேட்ட பேச்சுதான் திரும்ப வரும். “பாட்டா, அண்ணைக்குக் காலையில வீட்டுல என்ன வேலை நடந்தது? சந்தைக்கு யார் போனா?” என்று கேளுங்கள். அடுப்பு, சந்தை, நடந்த வழி என்று பேச்சு போகும்போது நினைவு தானாக எழும். போராட்டத் தலைவர் நேசமணியின் பெயரை நீங்களே எடுத்து, “நேசமணி சொல்லித்தானே போனீங்க?” என்றால் “ஆமா” என்பார், அந்த ஆமாவுக்கு மதிப்பில்லை. அவர் மௌனமானால் பத்து விநாடி பொறுங்கள், பெரும்பாலும் முக்கியமானது அதற்குப் பிறகுதான் வரும். பாட்டிமாரைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் “எனக்கென்ன தெரியும்” என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆண்கள் ஒளிந்திருந்த நாட்களில் வீட்டை நடத்தியவர்களின் சாட்சியம் போய்விடும்.

தேதியில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். பெரியவர்கள் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டில், சொல்வார்கள். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி பிறந்து டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரி முதல் ஆடி கடைசிவரை 825 கூட்டுங்கள்: 1129 ஆடி என்றால் 1954. 1948 மங்காடு துப்பாக்கிச் சூட்டையும் 1954-ஐயும் ஒன்றாக்கிச் சொல்பவர் உண்டு. குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், எழுதும்போது அடிக்குறிப்பில் காட்டுங்கள். மார்த்தாண்டம் அவர் வாயில் தொடுவெட்டியாக இருக்கும். அப்படியே எழுதி, நவீனப் பெயரைப் பக்கத்தில் குறியுங்கள். தண்ணீரை அவர் “வெள்ளம்” என்பார், அதைத் தண்ணீர் என்று மாற்றி எழுதினால் அது அவர் பேச்சே இல்லை. ஒரு மணிப் பதிவை எழுத ஐந்தாறு மணி நேரமாவது ஆகும்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அதனால் எல்லையிலுள்ள களியக்காவிளையோடு திரும்பாமல், அதைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்கும் போய்க் கேளுங்கள். எல்லைக்கு அப்பால் நின்றுபோனவர்களின் குரல் இல்லாவிட்டால் பதிவு பாதிதான்.

கோப்புக்குத் தேதி, ஊர், எண் என்று பெயரிடுங்கள். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வேண்டும், ஒன்று வேறு வீட்டில். இரண்டு வாரம் கழித்துப் போய் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். விட்டுப்போன பெயர்கள் அப்போது வரும், ரெக்கார்டரை மறக்காதீர்கள்.