போன வருஷ கட்-ஆஃப்: இன்ஜினியரிங் சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வரும் பிள்ளைகளுக்குக் கூடமாட உதவி. காசு வாங்குவதில்லை. 2011-இல் நானும் இதே வரிசையில் நின்றவன், நின்று சொதப்பியவன். அதே சொதப்பலை வருஷா வருஷம் புது முகங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாஸ்வேர்டை மறப்பது, மங்கலான போட்டோவை ஏற்றுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாஸ் ஆனாலே தகுதி என்று நினைப்பது

பாடத்துக்கு 35 எடுத்தால் பிளஸ் டூ பாஸ். பி.இ. சேர அது போதாது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றின் சராசரி பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உள்ளிட்ட பிரிவினருக்கு 40 சதவீதமும் இருக்க வேண்டும். ஒரு பையன் 36, 40, 41 என்று வந்தான். மூன்றிலும் பாஸ். கூட்டினால் 117, சராசரி 39. "பாஸ்னுதானே தம்பி போட்டிருக்கு" என்று அவன் அப்பா மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தமிழில் அவன் 80-க்கு மேல். அது இந்தக் கணக்கில் வரவே வராது.

மொத்த மார்க்கை வைத்து மனக்கோட்டை கட்டுவது

ரேங்க் போடப் பார்க்கும் கட்-ஆஃப் மார்க் 200-க்கு. கணித மார்க் முழுதாக, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. ஒருத்தி கணிதத்தில் 95, மற்ற இரண்டில் 80, 82. அவள் கட்-ஆஃப் 176. அவள் தோழி கணிதத்தில் 78, மற்றவற்றில் 92, 94. மூன்று பாடத்தையும் கூட்டினால் தோழிக்கு ஏழு மார்க் அதிகம்; கட்-ஆஃபோ 171. கட்-ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான்.

வீட்டில் மாமா இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவர் காலத்தில் பாடத்துக்கு 200, இயற்பியலையும் வேதியியலையும் நாலால் வகுப்பார்கள். 2019 பொதுத்தேர்விலிருந்து பாடத்துக்கு 100. இன்றைய மார்க்கைப் பழைய கணக்கில் போட்டு, "இவ்வளவுதானா?" என்று பிள்ளையைத் திட்டிய மாமாக்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

போன வருஷ கட்-ஆஃபை இந்த வருஷத் தகுதியாக எடுத்துக்கொள்வது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல்.

"அந்தக் காலேஜ் 175 கேக்குது" என்பார்கள். எந்தக் காலேஜும் எதையும் கேட்பதில்லை. மேலே சொன்ன 45, 40 சதவீதம்தான் தகுதி. 175 என்பது போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், அந்தச் சமூகப் பிரிவில் கடைசியாக உட்கார்ந்த ஒரு பிள்ளையின் மார்க். பஸ் கிளம்பிய பிறகு கடைசி சீட்டில் யார் இருந்தார் என்று எண்ணிச் சொல்வதைப் போல. நாளைக்கு அந்த பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பதை அது சொல்லாது.

கணித வினாத்தாள் கடினமாக வந்தால் அந்த எண் இறங்கும். எளிதாக வந்தால் ஏறும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடங்களைக் கூட்டினால் இறங்கும். 2021-ஐ நினைத்துப் பாருங்கள்: கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மார்க்குகளையும் பள்ளியில் கொடுத்த மார்க்கையும் சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். 2022-இல் பிள்ளைகள் தேர்வு எழுதினார்கள். ஆனாலும் அந்த வருஷம் என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கையில் 2021 கட்-ஆஃப் பட்டியல்!

என் கதையும் அதுதான். அப்போது கலந்தாய்வுக்குச் சென்னைக்கே போக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். என் சட்டைப் பையில் சித்தப்பா எழுதிக்கொடுத்த சீட்டு. போன வருஷ எண்களை வைத்து "இதெல்லாம் உனக்குக் கிடைக்கும்" என்று ஏழு கல்லூரிகள். நான் சீட்டைப் பார்த்தேன், திரையில் அந்த ஏழை மட்டும் தேடினேன், மூன்றாவதை எடுத்தேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது, எனக்கு அடுத்த ரேங்க் பையன் நான் ஆசைப்பட்ட கல்லூரியின் பெயரைச் சொன்னான். அது திரையில்தான் இருந்திருக்கிறது. சீட்டில் இல்லை.

என் முட்டாள்தனத்துக்கு விலை கம்மி. மூன்று வருஷம் முன்பு ஒரு பெண் வந்தாள். 88, 81, 84, கட்-ஆஃப் 170.5. அவள் விரும்பிய கல்லூரியில் போன வருஷம் பி.சி. பிரிவில் 174-இல் முடிந்திருந்தது. "அண்ணே, ரேங்க் லிஸ்ட் வரட்டும்" என்று அவள் அப்பாவிடம் இரண்டு முறை சொன்னேன். அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வருஷம் அவள் விரும்பிய இடம் 168-க்கு இறங்கியது. சான்றிதழைக் கேட்கப் போனால், நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரிஜினல்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருப்பதை எழுதிக்கொடுத்தேன். அதை வைத்துச் சண்டை போட அவருக்கு ஆள் பலமும் இல்லை, லீவும் இல்லை. அந்தப் பெண் அங்கேயேதான் படித்தாள்.

மார்க்கை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள். வினாத்தாள் எப்படி வந்தாலும் 40,000-ஆவது ரேங்க் என்றால் உங்களுக்கு முன்னால் 39,999 பேர்தான். போன இரண்டு மூன்று வருஷங்களில் உங்கள் சமூகப் பிரிவில் எந்த ரேங்க் வரை போயிருக்கிறது என்று பார்த்து, மேலேயும் கீழேயும் தாராளமாக இடம் விட்டுப் பட்டியல் போடுங்கள்.

பட்டியலின் வரிசையும் இதே பயத்தில்தான் கெடுகிறது. "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைக்க வேண்டியதும் போய்விடும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். போகாது. ஒரு சுற்றில் கணினி ரேங்க் வரிசைப்படி ஆளை எடுக்கிறது. அந்த ஆளின் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது. முதலில் எது காலியோ அதைக் கொடுக்கிறது. மேலே இருக்கும் பத்து இடங்கள் கிடைக்காவிட்டாலும் பதினோராவது அப்படியே இருக்கும். ஆனால் பிடிக்காததை மேலே வைத்து அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே நீங்கள் வைத்த நல்ல கல்லூரியைக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்கும்போது ஐந்தே ஐந்தைப் போட்டுவிட்டு எழுந்து போகிறவர்களை என்ன செய்வது!

பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டுவிட்டு இங்கே வருவது

அறிவியல் குரூப்தானே என்று கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்துவிட்டு, நீட் கைகொடுக்காதபோது பி.இ. பக்கம் திரும்புகிறவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். இந்தத் தவறு நடந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். என்னால் செய்ய முடிந்தது, அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான தனி விண்ணப்பத்தை எடுத்துக் கொடுப்பதுதான். அங்கே நான்கு முதன்மைப் பாடங்களையும் சேர்த்து 400-க்குப் பார்க்கிறார்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு

இது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தனி ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது.

முதல் பட்டதாரிச் சலுகை

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கான கட்டணச் சலுகை இது. அக்கா டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. மறைக்காதீர்கள்.

ஒதுக்கீடு வந்ததும் தூங்கிவிடுவது

தற்காலிக ஒதுக்கீட்டைக் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும்.

பெயரை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

ஒரே குழுமம் மூன்று கல்லூரி நடத்தும். பெயரில் ஒரு சொல்தான் மாறும். அதனால்தான் ஒவ்வொரு கல்லூரிக்கும் எண் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் நான்கு இலக்கம். பாடப்பிரிவுக்கும் தனிக் குறியீடு உண்டு. பட்டியலைப் போட்டு முடித்ததும் வீட்டில் ஒருவர் காகிதத்தில் இருக்கும் எண்ணை உரக்கப் படிக்கட்டும், இன்னொருவர் திரையில் விரல் வைத்துப் பார்க்கட்டும். படிக்கிற வேலையை மாமாவுக்குக் கொடுக்கலாம்.