எக்ஸ்பி பூட் ஆகவில்லையா? சி டிரைவை ஃபார்மட் செய்யும் முன் செய்ய வேண்டியவை

சேலம் வட்டாரத்தில் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அம்மாபேட்டையில் தறிக்கு டிசைன் போடும் கம்ப்யூட்டர், செவ்வாய்ப்பேட்டை மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர், ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீசில் கூலிக் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்று தேடினால் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு எக்ஸ்பிக்கு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. அது வைத்திருப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் அவர்களுடைய சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஓடாது, எழுதிக் கொடுத்தவரும் இப்போது தொடர்பில் இல்லை. ஓடும்வரை ஓடட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒருநாள் காலையில் ஆன் செய்தால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’, அதாவது விண்டோஸை எழுப்பும் ஃபைலைக் காணோம். பார்க்க வருகிறவர், “சி டிரைவ மட்டும் ஃபார்மட் பண்ணி எக்ஸ்பி போட்டுடலாங்க, டேட்டா எல்லாம் டி-லதானே இருக்கு” என்பார். இதை எழுதுவதே அந்த ஒரு பேச்சுக்காகத்தான். டேட்டா எல்லாம் டி-யில் இருக்காது. டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும் சி-யில் இருக்கின்றன. டேலி ஈஆர்பி 9 போடும்போது எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் கம்பெனிக் கணக்கும் சி-யில், டேலி ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். ஃபார்மட் இல்லாமலே சரியாகிற பழுதுக்காகப் பல வருடக் கணக்கை இழக்க வேண்டியதில்லை.

கட்டளைகளையும் திரையில் வரும் செய்திகளையும் ஒலிக்கிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். கீபோர்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் செய்தியைப் படியுங்கள்

திரையில் என்ன வருகிறதோ அதை அப்படியே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். “கருப்பா ஏதோ வருதுங்க” என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு செய்தியும் வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று சொல்கிறது.

அந்தக் கட்டங்கள் இவை. கரண்ட் வந்ததும் பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரல்) எழுந்து, ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கிறது. அதன் பெயர் மாஸ்டர் பூட் ரெக்கார்டு, மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் பூட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) அட்டவணை, மீதி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்பதால் அட்டவணையில் நான்கு வரிக்குத்தான் இடம். அதனால்தான் டி, இ எல்லாம் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் என்ற ஒரே வரிக்குள் லாஜிக்கல் டிரைவாக அடங்கியிருக்கும். அடுத்து, ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனின் பூட் செக்டர், அது என்டிஎல்டிஆர் ஃபைலைத் தேடும், என்டிஎல்டிஆர் பூட்.ஐஎன்ஐ-யைப் படித்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். அதற்கப்புறம்தான் விண்டோஸ் லோகோ.

இதில் இரண்டு விஷயம் புரிய வேண்டும். சி-யும் டி-யும் தனித்தனி டிஸ்க் அல்ல, ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொன்று, “டி டிரைவைக் காணோம்” என்றால் பெரும்பாலும் அட்டவணையில் ஒரு வரி கெட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன், வெளியே பாருங்கள்

பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா? பிடுங்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பியில் ஃபார்மட் செய்த பென் டிரைவிலிருந்து பயாஸ் பூட் செய்யப் பார்த்தாலும் இதே என்டிஎல்டிஆர் செய்திதான் வரும். பழுதே இல்லாத கம்ப்யூட்டரை இதற்காக ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

அப்புறம் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி மட்டும் போனால் பரவாயில்லை. பயாஸில் செய்து வைத்த மாற்றங்கள் எல்லாமே போய், கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும். எக்ஸ்பிக்கு சாட்டா டிஸ்க்கை ‘ஐடிஇ’ என்ற பழைய முறையில் வைத்திருப்பார்கள், அது ‘ஏஎச்சிஐ’ என்ற புதிய முறைக்கு மாறிவிடலாம். எக்ஸ்பி சிடியில் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. விளைவு, லோகோ வந்த கொஞ்ச நேரத்தில் நீலத் திரை, அதில் ‘ஸ்டாப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 7பி என்று முடியும் ஓர் எண். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மணிக்கணக்காகக் கரண்ட் போய்த் திரும்பி வந்த மறுநாள் இந்தப் பழுதை எதிர்பார்க்கலாம், ஏனென்றால் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை தீர்ந்த பேட்டரி வெளியே தெரியாது. புது பேட்டரி போட்டு, சாட்டா மோடை ஐடிஇ-க்கு மாற்றி, சேவ் செய்து வெளியே வாருங்கள். வேலை முடிந்தது.

பயாஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். மலை ஈரத்தில் கனெக்டரில் கறை ஏறும். சேலத்துக்கு எடுத்து வந்து பார்ப்பதாக இருந்தால் பைக் கேரியரில் கட்டாதீர்கள், அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். குளிரிலிருந்து வந்த பெட்டியை உடனே ஆன் செய்யாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், உள்ளே நீர் பூத்திருந்தால் காயட்டும்.

இப்போது டேட்டாவை வெளியே எடுங்கள்

சரிசெய்வதற்கு முன் காப்பி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் பப்பி லினக்ஸ் மாதிரி, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒரு சின்ன லைவ் லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்டி பழையது என்பதால் 32 பிட் பதிப்பு எடுங்கள். பென் டிரைவில் பூட் ஆகாத பயாஸாக இருந்தால் சிடியில் எழுத வேண்டும். அதில் பூட் செய்தால் ஹார்ட் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் எல்லாப் பார்ட்டிஷனையும் திறந்து பார்க்கலாம். சி-யில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ ஃபோல்டர் முழுவதும், டேலி ஃபோல்டர், உங்கள் பில்லிங் சாஃப்ட்வேரின் ஃபோல்டர், அப்புறம் டி, இ. எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். எடுத்த ஃபைல் ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, காப்பி ஒரே இடத்தில் நின்று நின்று போனாலோ அதோடு நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் கீழே சொல்லும் எந்தக் கட்டளையும் கூடாது, டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கூடவே கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் புரோகிராம் கொண்டு புது டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுத்து, நகலில் வேலை செய்ய வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ரெக்கவரி கன்சோல்

எக்ஸ்பி சிடியில் பூட் செய்யுங்கள். வரவேற்புத் திரையில் மூன்று வழி இருக்கும்: புதிதாகப் போட என்டர், பழுது பார்க்க ஆர், வெளியேற எஃப்3. ஆர் அழுத்துங்கள், கட்டளை அடித்துப் பழுது பார்க்கும் ரெக்கவரி கன்சோல் திறக்கும். எந்த விண்டோஸ் என்று கேட்கும், 1 அடித்து என்டர். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கும், வைத்திருக்கவில்லை என்றால் வெறும் என்டர்.

உள்ளே வந்ததும் ‘மேப்’ என்று அடித்தால் எந்த டிரைவுக்கு என்ன எழுத்து என்று காட்டும். சிடியின் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே டி-யின் ஃபோல்டருக்குள் போகப் பார்த்தால் ‘ஆக்சஸ் இஸ் டினைடு’ என்று வரும். பயப்படாதீர்கள், டேட்டா போகவில்லை. கன்சோல் விண்டோஸ் ஃபோல்டரையும் டிரைவின் முதல் நிலையையும் மட்டும்தான் காட்டும்.

என்டிஎல்டிஆர் இல்லை என்று வந்ததா? சிடி எழுத்து எஃப் என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டு வரியும், அதற்குப் பிறகு பூட் செக்டரைப் புதுப்பிக்கும் மூன்றாவது வரியும்:

காப்பி எஃப்:\ஐ386\என்டிஎல்டிஆர் சி:\
காப்பி எஃப்:\ஐ386\என்டிடிடெக்ட்.காம் சி:\
ஃபிக்ஸ்பூட் சி:

‘ஹெச்ஏஎல்.டிஎல்எல்’ இல்லை என்று வந்தால் பெரும்பாலும் அந்த ஃபைல் பத்திரமாகவே இருக்கும், பூட்.ஐஎன்ஐ தப்பான இடத்தைக் காட்டுகிறது என்று அர்த்தம். அந்த ஃபைலில் இடம் இப்படி எழுதியிருக்கும்: ஆர்டிஸ்க்(0)பார்ட்டிஷன்(1). டிஸ்க்கை 0-விலிருந்தும் பார்ட்டிஷனை 1-லிருந்தும் எண்ணுவார்கள். பார்ட்டிஷனில் முதலில் பிரைமரி (அட்டவணையில் நேரடியாக ஒரு வரி பிடித்தவை) எல்லாம், அதற்கப்புறம் லாஜிக்கல். இப்போது ஒரு எஸ்டேட் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். பிரைமரியான சி-யில் பழைய விண்டோஸ் 98, லாஜிக்கலான டி-யில் எக்ஸ்பி. எக்ஸ்பியின் எண் 2. டிஸ்க் கடைசியில் காலியாகக் கிடந்த இடத்தில் யாரோ புதிதாக ஒரு பிரைமரி பார்ட்டிஷன் போடுகிறார். புதியது 2 ஆகி, எக்ஸ்பி 3-க்குத் தள்ளப்படுகிறது. பூட்.ஐஎன்ஐ-க்கு அது தெரியாது, இன்னும் 2-ஐயே தட்டிக்கொண்டிருக்கும். ‘பூட்சிஎஃப்ஜி /ரீபில்டு’ என்று அடியுங்கள். கண்டுபிடித்த விண்டோஸைச் சேர்க்கவா என்று கேட்டால் ஒய், பெயர் கேட்டால் எக்ஸ்பி, ஆப்ஷன் கேட்டால் /ஃபாஸ்ட்டிடெக்ட்.

இதே மாதிரி இரண்டு விண்டோஸ் உள்ள பெட்டியில் இன்னொரு வினை. 98-ஐ யாரும் தொடுவதில்லையே, இடம் மிச்சமாகும் என்று சி-யை ஃபார்மட் செய்வார்கள். எக்ஸ்பி டி-யில் முழுதாக இருக்கும், ஆனால் பூட் ஆகாது. என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட், பூட்.ஐஎன்ஐ மூன்றும் சி-யில் அல்லவா இருந்தன! மேலே சொன்ன மூன்று வரியையும் பூட்சிஎஃப்ஜி-யையும் செய்தால் எக்ஸ்பி எழுந்துவிடும்.

‘இன்வேலிட் பார்ட்டிஷன் டேபிள்’ என்றோ ‘எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்றோ வந்தால்தான் ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’. பார்ட்டிஷன் அட்டவணை கெடலாம் என்று அது எச்சரிக்கும், சில சமயம் உண்மையிலேயே கெடும். காப்பி எடுத்திருந்தால் மட்டும் ஒய். கூடவே லினக்ஸும் போட்டிருந்தால் அதன் பூட் மெனு போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

விண்டோஸ் எழுந்தபின் டி டிரைவைத் திறந்தால் ‘ஃபார்மட் செய்யவில்லை, இப்போது செய்யவா’ என்று கேட்கிறதா? நோ. லைவ் லினக்ஸில் டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமை ஓட்டுங்கள். தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிக் காட்டும். அதன்மேல் நின்று பி அழுத்தினால் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர் வரும். உங்கள் ஃபைல்கள்தான் என்று கண்ணால் பார்த்த பிறகே ‘ரைட்’ கொடுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால்

ரிப்பேர் இன்ஸ்டால் இருக்கிறது. இதில் உங்கள் ஃபைல்களும் சாஃப்ட்வேரும் அப்படியே இருக்க, விண்டோஸ் ஃபைல்கள் மட்டும் புதிதாக மாறும். சிடியில் பூட் செய்து, இந்த முறை முதல் திரையில் ஆர் இல்லாமல் என்டர், ஒப்பந்தத்துக்கு எஃப்8, அடுத்து பழைய விண்டோஸைக் கண்டுபிடித்துக் காட்டும்போது ஆர். அந்த இரண்டாவது ஆர்தான் முக்கியம். அங்கே எஸ்கேப் அழுத்தினால் புது இன்ஸ்டாலுக்குப் போய்ப் பார்ட்டிஷன் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் டி எழுத்தை அழுத்தினால் அது டி டிரைவைத் தேர்ந்தெடுக்காது, வெளிச்சம் நிற்கும் பார்ட்டிஷனை அழிக்கக் கேட்கும். அடுத்து எல் அழுத்தினால் பார்ட்டிஷன் போயிற்று. தெரியாமல் அங்கே வந்துவிட்டால் எஃப்3 அழுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

அதே திரையில் 160 ஜிபி டிஸ்க் 1,31,000 எம்பி சுற்றி மட்டும் காட்டினால், உங்கள் சிடி சர்வீஸ் பேக் 1-க்கு முந்தையது. 137 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. அந்தச் சிடியால் இந்த டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், சர்வீஸ் பேக் 2 அல்லது 3 உள்ள சிடியைத் தேடுங்கள்.

எக்ஸ்பி எழுந்தது என்றால் முதலில் கடிகாரத்தில் தேதியைச் சரிபாருங்கள், அதற்கப்புறம்தான் டேலியையோ பில்லிங்கையோ திறக்க வேண்டும். தப்பான தேதியில் ஒரு பில் விழுந்தால் அதைத் தேடி எடுப்பது தனி வேலை. கடைசியாகப் போட்ட பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பிரிண்ட் எடுங்கள். நெட் கேபிள் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அப்புறம் அதே லைவ் லினக்ஸில் பூட் செய்து, ஓடுகிற நிலையிலேயே டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்குக் குளோன் எடுத்து, தேதி எழுதி ஒட்டிப் பீரோவில் வையுங்கள்.