சிறு தலைக்காயத்துக்கு ரத்தப் பரிசோதனை: யாருக்கு, எப்போது, எப்படி

தலையில் அடிபட்டு, கண் விழித்துத் தெளிவாகப் பேசுகிறவர்தான் அவசரப் பிரிவில் அதிகம் யோசிக்க வைப்பவர். ஜிசிஎஸ் (நினைவுத் தெளிவை 3 முதல் 15 வரை அளக்கும் மதிப்பெண்) 14 அல்லது 15. சற்று நேரம் நினைவு தப்பியதாகக் கூட வந்தவர் சொல்கிறார், வழியில் இரண்டு முறை வாந்தி. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு சிடி ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்புகிறோம், மூளைக்குள் கசிவு இருக்கும் ஒருவரைத் தவறவிடக் கூடாதே என்று. ஸ்கேன் தேவையில்லை என்று துணிந்து சொல்லக்கூடியவர்களைப் பிரித்தெடுப்பதுதான் இந்த ரத்தப் பரிசோதனையின் வேலை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்தினால் நன்றாக உதவும். வேறு கேள்விகளுக்கு விடை கேட்டால் ஏமாற்றும்.

எதை அளக்கிறோம்

இன்று நடைமுறையில் இருப்பவை மூன்று புரதங்கள். ஜிஎஃப்ஏபி மூளையின் தாங்கு செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகளில் உள்ளது. யுசிஎச்-எல்1 நரம்பு செல்லுக்குள் இருப்பது. இந்த இரண்டையும் சேர்த்தே அளக்கிறார்கள். மூன்றாவதான எஸ்100பி பழையது, செலவு குறைந்தது. ஸ்காண்டிநேவிய நரம்புக்காயக் குழு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு இடம் கொடுத்தது. நியூரோஃபிலமென்ட், டௌ போன்ற வேறு நரம்புப் புரதங்களும் ஆய்வுகளில் பேசப்படுகின்றன. ஆனால் அவசரப் பிரிவில் 'ஸ்கேன் எடுக்கலாமா' என்ற கேள்விக்கு இப்போதைக்கு அவை விடை தருவதில்லை.

ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 ஜோடிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்கு அமைப்பான எஃப்டிஏ 2018 பிப்ரவரியில் முதல் அனுமதி தந்தது. அதற்கு அடித்தளமான அலர்ட்-டிபிஐ ஆய்வில் 1959 பேர். அவர்களில் 125 பேருக்கு, அதாவது சுமார் 6 சதவீதத்தினருக்கு, சிடியில் காயம் தெரிந்தது. பரிசோதனை 671 பேருக்கு நெகட்டிவ். அந்த 671 பேரில் சிடியில் காயம் இருந்தவர்கள் மூன்று பேர். நெகட்டிவ் என்றால் அநேகமாக நம்பலாம் என்பதற்கு இதுவே ஆதாரம். பாசிட்டிவ் கதை வேறு. 1288 பேருக்கு பாசிட்டிவ் வந்தது, அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஸ்கேன் சுத்தமாகவே இருந்தது. ஆகவே பாசிட்டிவ் வந்தால் 'ஸ்கேன் எடு' என்று மட்டுமே பொருள். 'மூளையில் ரத்தக்கசிவு' என்று உறவினரிடம் சொல்லிப் பதற வைக்கக் கூடாது.

முதல் படி: யாருக்குச் செய்யக் கூடாது

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தத்துக்குக் காத்திருக்காமல் நேராக சிடிக்கு அனுப்புங்கள்:

- ஜிசிஎஸ் 13-க்குக் கீழே, அல்லது பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறைகிறது
- கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், கண்பாவைகள் சமமின்மை
- அடிபட்ட பிறகு வலிப்பு
- மண்டையோடு அமுங்கியிருத்தல். காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல். கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிய நீலம்
- வார்ஃபரின் போன்ற ரத்த உறைவு எதிர்ப்பு மருந்து, அல்லது ரத்தம் உறையாத நோய்
- மூளை நீரை வடிக்க ஷன்ட் என்ற குழாய் வைத்திருப்பவர்

எஸ்100பி பயன்படுத்தும் இடங்களில் ஜிசிஎஸ் 13 உள்ளவரும் நேரே சிடிக்குத்தான். 65 வயதைத் தாண்டி, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவரையும் ஸ்காண்டிநேவிய முறை நேரடியாக ஸ்கேனுக்கு அனுப்புகிறது. எஃப்டிஏ அனுமதி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் எல்லை எண்ணை (பாசிட்டிவ் தொடங்கும் அளவை) வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, ஜிசிஎஸ் 15, எந்த அபாயக் குறியும் இல்லை என்றால் அவருக்கு ஸ்கேனும் வேண்டாம், இந்தப் பரிசோதனையும் வேண்டாம். 'எதற்கும் பார்த்துவிடுவோம்' என்று எடுத்தால் தேவையில்லாத பாசிட்டிவ் வந்து, தேவையில்லாத ஸ்கேனில் முடியும்.

இரண்டாம் படி: அடிபட்ட நேரம்

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். பரிசோதனையின் நம்பகம் முழுவதும் அடிபட்டதற்கும் ரத்தம் எடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் இருக்கிறது. மருத்துவமனைக்கு வந்த நேரம் கணக்கில் வராது.

எஸ்100பி ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடும். அதனால் ஸ்காண்டிநேவிய முறையில் எல்லை 6 மணி நேரம். அதற்குப் பிறகு எடுத்தால், உண்மையில் கசிவு இருப்பவருக்கும் எண் கீழே இறங்கி நெகட்டிவாக வரலாம். அந்தப் பொய் நெகட்டிவ்தான் ஆபத்தானது. யுசிஎச்-எல்1 ஒரு மணி நேரத்துக்குள் தெரிய ஆரம்பித்து, சுமார் 8 மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கும். ஜிஎஃப்ஏபி மெதுவாக ஏறி 20 மணி நேர அளவில் உச்சத்துக்கு வரும். ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் நிற்பதால் ஜோடிக்கு அவகாசம் கூடுதல். பிளாஸ்மா (ரத்த அணுக்களைப் பிரித்த பின் நிற்கும் நீர்) முறைக்கு 12 மணி நேரம், 2024-இல் அனுமதி பெற்ற முழு ரத்த கார்ட்ரிட்ஜுக்கு (கருவிக்குள் செருகும் சிறு பரிசோதனைப் பெட்டி) 24 மணி நேரம்.

நேரத்தைக் காயம்பட்டவரிடம் மட்டும் கேட்காதீர்கள், நினைவு தப்பியவருக்கு அது சரியாகத் தெரியாது. கூட வந்தவர், ஆம்புலன்ஸ் தாள், செல்போனில் அழைப்புப் போன நேரம் எல்லாவற்றையும் பாருங்கள். யாரும் பார்க்காத விழுகை என்றால், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். அந்தக் கணக்கு எல்லையைத் தாண்டினால் சிடிதான்.

மூன்றாம் படி: ரத்தம் எடுப்பது

ஜோடிப் பரிசோதனையின் கார்ட்ரிட்ஜ் முறைக்குச் சிரையிலிருந்து இடிடிஏ குழாயில், அதாவது ஊதா மூடிக் குழாயில், எடுக்க வேண்டும். ஹெப்பாரின் குழாய் சேராது, விரல் நுனி ரத்தமும் சேராது. எடுத்தவுடன் குழாயை 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். எஸ்100பிக்கு சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) வேண்டும். அரை மணி நேரம் உறைய விட்டு, பிறகு சுழற்ற வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

சிவப்பணு உடைந்து மாதிரி சிவந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுப்பது, டூர்னிக்கெட்டை நெடுநேரம் கட்டி வைப்பது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள்.

நான்காம் படி: கருவியில் ஓட்டுவது

கார்ட்ரிட்ஜ்கள் 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துப் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பயன்படுத்துங்கள். பிளாஸ்மா வகைக்கு 20 மைக்ரோலிட்டர் போதும், ஆனால் முதலில் குழாயைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். முழு ரத்த வகைக்கு அந்த வேலை இல்லை. இரண்டிலும் விடை வர 15 நிமிடம் ஆகும்.

கருவி சமதளமான மேசையில், திரை மேலே பார்த்தபடி, அசையாமல் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் பிழைக் குறி வரும், கார்ட்ரிட்ஜ் வீண். குறியீட்டுக் கோட்டுக்குக் குறைவாகவோ கூடுதலாகவோ நிரப்பினாலும் அப்படித்தான். உள்ளே குமிழி சிக்கினால் புதியதை எடுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணைப் படிப்பது

ஒரு கருவியின் எல்லை எண் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஜிஎஃப்ஏபிக்கு 2018-இல் அனுமதி பெற்ற முதல் ஆய்வக முறையில் எல்லை மில்லிலிட்டருக்கு 22 பிகோகிராம். ஐ-ஸ்டாட் என்ற கையடக்கக் கருவியின் பிளாஸ்மா கார்ட்ரிட்ஜில் 30, முழு ரத்த கார்ட்ரிட்ஜில் 65. யுசிஎச்-எல்1க்கு முதல் முறையில் 327, ஐ-ஸ்டாட்டில் 360. ஆகவே வேறு மருத்துவமனைத் தாளில் 'ஜிஎஃப்ஏபி 40' என்று மட்டும் இருந்தால் எந்தக் கருவி, எந்த மாதிரி என்று கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது. எஸ்100பியின் எல்லை லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராம். சில ஆய்வகங்கள் இதையே மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் என அச்சிடும், இரண்டும் ஒன்றுதான்.

ஜோடியில் ஏதேனும் ஒன்று எல்லையைத் தொட்டாலே பாசிட்டிவ். இரண்டும் கீழே இருந்தால்தான் நெகட்டிவ். ஒன்று கீழே இருந்து மற்றொன்றில் கருவி எண் காட்டவில்லை என்றால் அது நெகட்டிவ் ஆகாது. மறுபடி ஓட்டுங்கள்.

பொய்யாக ஏறும் சந்தர்ப்பங்களையும் மனதில் வையுங்கள். எஸ்100பி மூளையில் மட்டும் இல்லை. கொழுப்பு, குருத்தெலும்பு, தசை, தோலின் நிறமி செல்கள் எல்லாவற்றிலும் உண்டு. கால் எலும்பு முறிந்து வந்தவருக்கு அது ஏறியிருந்தால் தலையைக் குறை சொல்ல முடியாது. கடும் ஓட்டத்துக்குப் பிறகும் ஏறும். கறுத்த தோல் உடையவர்களிடம் இயல்பு அளவே கூடுதலாக இருப்பதாக 2003-லேயே பதிவாகியிருக்கிறது. 0.10 என்ற எல்லை வட ஐரோப்பிய வழிகாட்டுதலில் உள்ளது. நம் மக்களிடம் அதே எண்ணை வைத்தால் தேவையற்ற பாசிட்டிவ்கள் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்தவரிடம் மது எஸ்100பியை ஏற்றுவதில்லை என்பது ஒரு வசதி. ஜிஎஃப்ஏபி வயதோடு இயல்பாகவே உயரும். அதனால் முதியவர்களில் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் வரும், பயன் குறைவு. பக்கவாதத்திலும் சில மூளைக் கட்டிகளிலும் அது ஏறும்.

நெகட்டிவ் வந்தவரை அனுப்பும்போது

நெகட்டிவ் என்றால் சிடியில் தெரியக்கூடிய காயம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று பொருள். மூளை அதிர்ச்சியே இல்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். தலைவலி, மந்தம், வெளிச்சம் தாங்காமை, தூக்கக் கோளாறு ஆகியவை சில வாரம் தொடரலாம், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூட இருக்க வேண்டும். மறுபடி மறுபடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும் உடனே திரும்பி வர வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்தவருக்கு மறுபடி ரத்தம் பார்த்துக்கொண்டிருக்காமல் சிடி எடுங்கள். கேஸ் தாளில் அடிபட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், கருவியின் பெயர், மாதிரி வகை, இரண்டு எண்கள் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். வெறும் 'நெகட்டிவ்' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வரும் மருத்துவருக்கு அது உதவாது.