'கால்ட் ஆஃப்' என்று எழுதும் முன்

எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் 'கால்ட் ஆஃப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது என்பதைத்தான் எழுதியவர் சொல்ல நினைத்திருக்கிறார். படித்தவர்களோ கூட்டமே கிடையாது என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு வந்து சேர்ந்தவர்கள் நான்கே பேர்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. 'கால் ஆஃப்' என்றால் அடியோடு ரத்து; தள்ளிவைப்பதற்குச் சொல் 'போஸ்ட்போன்'. 2020 மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்த ஆண்டுக்கு மாற்றினார்கள், அது போஸ்ட்போன். எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, அந்த ஆண்டு விம்பிள்டனே கிடையாது என்று அறிவித்தார்கள். அது கால்ட் ஆஃப்.

தொடங்காததை ரத்து செய்ய மட்டும் என்றும் நினைத்துவிட வேண்டாம். நடந்துகொண்டிருப்பதை நிறுத்தவும் இதுவே சொல். சௌரி சௌரா வன்முறைக்குப் பின் 1922 பிப்ரவரியில் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார் அல்லவா? ஆங்கில வரலாற்று நூல்களில் அது 'கால்ட் ஆஃப்' தான். நம் நாளிதழ்களின் 'வேலைநிறுத்தம் வாபஸ்' என்ற தலைப்புக்கும் அதுவே பொருந்தும். ஆனால் ரயில் டிக்கெட்டையோ ஹோட்டல் அறையையோ 'கால் ஆஃப்' செய்ய முடியாது. அங்கே 'கேன்சல்' போதும். இரண்டையும் ஒட்டி 'கேன்சல்ட் ஆஃப்' என்று எழுதுவது தவறு.

எழுத்தில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது 'எஃப்'. அதை விட்டுவிட்டால் 'உடைய' என்று பொருள்படும் வேறொரு சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழில் இரண்டையும் 'ஆஃப்' என்றே எழுதிப் பழகிவிட்டதால் கண் ஏமாறுகிறது. ஒற்றை 'எஃப்' உள்ளதும் சரியான சொல்லே என்பதால் கணினியும் பல நேரம் சும்மா இருந்துவிடும்.

'அதை' என்று சுட்டும்போது 'கால் ஆஃப் இட்' தவறு. 'கால் இட் ஆஃப்' என்று 'இட்' நடுவில் வர வேண்டும். 'மீட்டிங் கால்ட் ஆஃப்' என்பது தலைப்புக்குச் சரி. கடிதத்தில் 'ஹேஸ் பீன் கால்ட் ஆஃப்' என்று முழுமையாக எழுதுங்கள். 'கேன்சல்ட்' என்பதில் பிரிட்டிஷார் இரண்டு 'எல்' போடுவார்கள், அமெரிக்கர் ஒன்று. 'கேன்சலேஷன்' என்பதில் மட்டும் இருவருக்குமே இரண்டு.