மாணவர்கள் போன பிறகும் செடி நிற்க வேண்டுமா?

நான் ஒரு கலைக்கல்லூரியில் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர். முதல் தடவை, ஏழு நாள் சிறப்பு முகாமில் ஒரு குடியிருப்பில் காய்கறித் தோட்டம் போட்டோம். மார்ச் மாதம். 50 பிள்ளைகள், பேனர், போட்டோ என்று ஒரே அமர்க்களம். அப்புறம் செமஸ்டர் தேர்வு, லீவு. ஜூனில் போய்ப் பார்த்தால் காய்ந்த குச்சிகள்தான் நின்றன. பேனர் ஓர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது.

அதனால் முதலில் மண்வெட்டியைத் தொடாதீர்கள், தண்ணீரைப் பேசுங்கள். எந்தக் குழாய், கோடையில் யார் ஊற்றுவது? குடியிருப்பிலிருந்தே நாலு பேர் முன்வரும்வரை மாணவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். லேஅவுட்டில் பொதுவுக்கு விட்ட இடம் உள்ளாட்சியின் பொறுப்பில் இருந்தால் அங்கே அனுமதி வாங்க வேண்டும். மனு கல்லூரி பெயரில் வேண்டாம், குடியிருப்போர் கையெழுத்தோடு போகட்டும்.

என்ன போடுவது என்று வீடு வீடாகக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் நோட்டில் குடைமிளகாய் எழுதி வைத்திருந்தார்கள். "கறிவேப்பிலையும் மணத்தக்காளியும் வை கண்ணு" என்றார் ஓர் ஆயா. சரி, குடைமிளகாயை அடித்துவிட்டோம்.

முகாமில் நிலத்தை மட்டும் தயார் செய்யுங்கள். ஜல்லி, ஓட்டுத்துண்டு பொறுக்கவே இரண்டு நாள் ஆகும். பாத்தி நாலடி அகலத்தைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது. தொழுவுரம் கலந்து, சருகை மூடாக்காகப் போட்டுவிட்டு வாருங்கள். ஆட்டுக்கு வேலி அவசியம். விதைப்பை ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொண்டால் கல்லூரியும் திறந்திருக்கும்.

வெண்டை விதையை முந்தின இரவே ஊறப்போடுங்கள். ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் அழுத்தி, குழிக்கு இரண்டு விதை. முளைத்ததும் நோஞ்சானைப் பிடுங்கிவிடலாம். கீரை விதை கடுகைவிடப் பொடிசு. மணலோடு கலந்து தூவாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக முளைக்கும். எறும்பு வேறு இழுத்துப் போகும். அதற்குப் பாத்தி ஓரமாக அரிசி நொய் தூவச் சொன்னதும் அந்த ஆயாதான்.

சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். முதல் பறிப்பு தண்ணீர் ஊற்றியவர்களுக்கு. நம் பிள்ளைகள் வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

வேலிக் கதவின் சாவியும் கல்லூரி பீரோவில் இருக்கக் கூடாது. எங்களுடையது ஆயாவின் சுருக்குப்பையில், வெற்றிலையோடு கிடக்கிறது.